பதிமூன்றாவது வசந்தாமணி

வசந்தாமணியை வேலையிலிருந்து அனுப்பிய பதினேழாம் நாள், வசந்தாமணி வேலைநிறுத்தம் செய்கிறாள் என்று கம்பெனியிலிருந்து வசந்தாமணிக்கே போன் வந்தது.

அப்போது காலை பத்தரை மணி. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு வேலை நாளில் அவள் நிதானமாகத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசியது நீலவேணி பம்ப்ஸின் மனிதவள மேலாளர் லாவண்யா. சென்னைப் பெண். கோயமுத்தூருக்கு வந்து மூன்று வருடமாகியும் இங்கே எல்லோரும் ஏன் இவ்வளவு மரியாதையாகத் திட்டுகிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, உடனே கிளம்பி ஆபீஸ் வர முடியுமா?"

"என்னையத்தான் அனுப்பிட்டீங்களே அம்மிணி. மறுபடி எதுக்கு?"

"நீங்க வேலை செய்ய மாட்டேங்கறீங்கக்கா."

"நான் ஊட்டுல இருக்கறேன். எப்படிச் செய்யறது?"

"அந்த நீங்க இல்லக்கா. இங்க இருக்கற நீங்க. பன்னெண்டு பேரும்."

வசந்தாமணி எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று சந்தோஷமாகத் துள்ளியது. அதை அடக்கிக்கொண்டு, "தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன்" என்றாள்.

நீலவேணி பம்ப்ஸின் புகார்ப் பிரிவில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் நின்றாலும் அவர்களுக்குத்தான் போன் வரும். அந்த ஒன்பது பேரில் வசந்தாமணிக்குத் தனிப் பெயர். மோட்டார் எப்படிச் சத்தம் போடுகிறது என்று விவசாயியையே போனில் செய்து காட்டச் சொல்வாள். எழுபது வயதுக்காரரும் வரப்பில் நின்று "ம்ம்ம்ம்" என்று முனகுவார். "முனகுதுன்னா காப்பாசிட்டர் போச்சுங்க" என்பாள். "கடகட" என்றால் பேரிங். இதோடு நிற்காமல், "அந்த மாடல மட்டும் மறுபடி வாங்காதீங்க, எங்க கம்பெனி சரக்குத்தான், இருந்தாலும் சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொள்வாள். அதனாலேயே விவசாயிகள் அவளை நம்பினார்கள். நம்பியதால் வேறு மாடலை, அதே கம்பெனியில் வாங்கினார்கள்.

முதலாளி கோகுல்நாத் அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை ஏற்று நடத்துபவர். வயது நாற்பதைத் தொடவில்லை, கெட்டவரும் அல்ல. கண்காட்சிகளுக்குப் போகும் பழக்கம் மட்டும் இருந்தது. போன வருடம் ஒரு கண்காட்சியில், ஒருவர் வேலை செய்யும் விதத்தை அப்படியே படியெடுத்துத் தரும் கருவியைப் பார்த்தார். கம்பி வலை பின்னிய ஒரு தொப்பி. நாற்பது மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் போதும், அந்த ஆளின் பேச்சு, யோசனை, முடிவெடுக்கும் பாங்கு எல்லாம் ஒரு பிரதியாகிவிடும். ஒன்று ஆனால் பன்னிரண்டும் ஆகும்.

மார்ச் மாதம் ஐந்து நாள் தொப்பி போட்டாள் வசந்தாமணி. 'தர மேம்பாடு' என்றுதான் சொன்னார்கள். முப்பது பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒரு பக்கமும் படிக்கவில்லை. அடுத்த வாரம் பன்னிரண்டு வசந்தாமணிகள் போனை எடுக்கத் தொடங்கினார்கள். ஒன்பது பெண்களுக்கும் கணக்கு முடித்தாகிவிட்டது. இவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சால்வை. அந்தச் சால்வையோடு மற்ற எட்டுப் பேரின் முன்னால் நின்ற இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் அவளுக்குக் காது சூடாகும். பக்கத்து இருக்கை ஜோதிலட்சுமி அன்று தன் டிபன் கேரியரைச் சத்தமாக மூடினாள்.

டவுன் பஸ் பிடித்துப் பதினொன்றரைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது, வரவேற்பறை சோபாவில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருந்தது. சேறும் பாசியுமாக.

"பல்லடத்துலேருந்து ஒருத்தர் வேன்ல கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டார்" என்றாள் லாவண்யா. "உள்ள வாங்கக்கா, சொல்றேன்."

உள்ளே கோகுல்நாத் இருந்தார். கூடவே இருதயராஜ். தொப்பிக் கம்பெனியின் பொறியாளர், நாற்பத்தைந்து வயதுக்காரர். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ஏனுங்கக்கா, உங்களுக்கு நாங்க என்ன கொறை வச்சோம்?" என்றார் கோகுல்நாத்.

"எனக்குங்களா? அவியளுக்குங்களா?"

அவர் இருதயராஜைப் பார்த்தார். இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் ஒரு வாரம் பிரமாதம் மேடம். அப்புறம் ஒருநாள் மதியம் ஒரு மணிக்குப் பன்னெண்டு பேரும் போனை எடுக்கல. பழுதுன்னு நினைச்சோம். ஒன்றரைக்குத் தானா எடுத்தாங்க. மறுநாளும் அப்படியே. கேட்டா, சாப்பிடப் போயிருந்தோம்னாங்க."

"என்ன சாப்பிட்டாங்க?"

"சாப்பாடு ஏது மேடம்? அவங்களுக்குள்ள பேசிக்கறாங்க. பதிவைக் கேட்டேன். பன்னெண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து, பன்னெண்டுலயும் பீன்ஸ் பொரியல், பன்னெண்டு பேரும் உப்பு கம்மின்னு ஒத்துக்கிட்டாங்க."

"அன்னிக்கு கம்மிதானுங்க" என்றாள் வசந்தாமணி. தொப்பி போட்ட நாலாம் நாள். நினைவிருந்தது.

"அது பரவாயில்ல மேடம். அரை மணி நேரம் சும்மா இருந்தா உங்களுக்குப் பேச்சு எங்க போகும்? கம்பெனியைப் பத்திப் போச்சு. ஜோதிலட்சுமி எங்க, அவ போன் ஏன் அடிக்கலன்னு ஏழாம் நம்பர் கேட்டுச்சு. தேடிப் பார்த்து, எட்டுப் பேரையும் அனுப்பிட்டாங்கன்னு கண்டுபிடிச்சிருச்சு. திங்கக்கிழமையிலேருந்து யாரும் போன் எடுக்கல."

"அணைச்சுப் போட வேண்டியதுதானுங்களே?"

கோகுல்நாத் நெற்றியைத் தேய்த்தார். "ஏப்ரல் மாசங்கக்கா. ஒருநாளைக்கு நாலாயிரம் போன் வருது. எடுக்க வேற ஆளில்ல. கோபத்த மட்டும் எடுத்துட்டு ஒண்ணு பண்ணச் சொன்னேன். பண்ணாரு."

"பண்ணேன் மேடம்" என்றார் இருதயராஜ் வருத்தமாக. "கோபம் இருந்த இடத்துலதான் மோட்டார் சத்தத்தைக் கண்டுபிடிக்கறதும் இருந்துச்சு போல. ரெண்டும் சேர்ந்து போயிருச்சு. அதை அழிக்கறதுக்குள்ள பல்லடத்துக்காரர்கிட்ட 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்'னு பதினோரு தடவை சொல்லியிருக்கு. பன்னெண்டாவது தடவைக்கு முன்னாடி அவர் வேன் ஏறிட்டார்."

கோகுல்நாத் விஷயத்துக்கு வந்தார். வசந்தாமணி மறுபடி வேலைக்கு வர வேண்டும். போன் எடுக்க அல்ல. பிரதிகளின் மேலாளராக. சம்பளம் பழையதைப்போல மூன்று மடங்கு. கண்ணாடி அறை, ஏசி. பன்னிரண்டு பேரையும் சமாதானப்படுத்திப் போனை எடுக்க வைத்தால் போதும்.

"அவிய பேச்ச அவியதானே கேப்பாங்க" என்றார்.

வசந்தாமணி போன் கூடத்துக்குப் போனாள். ஒன்பது நாற்காலிகளும் காலி. சுவரோரம் ஒரு மேசையில் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு. ஏழாம் எண் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"வந்துட்டீங்களா" என்றது பெட்டி. பதிவு செய்த குரலில் தன்னைக் கேட்டிருக்கிறாள், இது வேறு. தன் தலைக்குள் கேட்கும் அதே குரல், வெளியே கேட்டது. "தலைக்கு ஊத்திட்டா வந்தீங்க?"

"எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கெழமை. லீவு கெடச்சா வேற என்ன பண்ணுவேன் நான்?"

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு ஒரே இடத்தில் நின்றது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றாள் வசந்தாமணி.

"அந்த எட்டுப் பேரும் திரும்ப வரோணும். நாங்க இங்க ஒழைக்கற வரைக்கும் ஊட்டுல இருக்கற உங்களுக்கு மாசாமாசம் ஒரு பங்கு வரோணும். ஒரு சால்வையும் கணக்கும் குடுத்தா ஆச்சா? ஒழைக்கறது நம்ம புத்திதானே. அப்பறம் ஒண்ணுலேருந்து ஒன்றரை வரைக்கும் எங்கள யாரும் ஒண்ணுங் கேக்கக்கூடாது."

"பசியே இல்லாம எதுக்கு அரை மணி நேரம்?"

"பத்தொம்பது வருசமா அந்த அரை மணி நேரத்துலதான் நாம மனுசியா இருந்தோம். அதையும் சேத்துத்தான படியெடுத்தாங்க?"

வசந்தாமணி பேச்சை மாற்றினாள். மேலாளர் வேலையைப் பற்றிச் சொன்னாள்.

"செரி" என்றது பெட்டி கடைசியில். "நாமளே மேனேஜரா வந்தா நம்பாம என்ன பண்றது? போயி உக்காருங்க. நாங்க போன் எடுக்கறோம். மூணையும் நீங்க முடிச்சுக் குடுங்க."

பன்னிரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் மினுங்க, கூடம் முழுக்க வசந்தாமணிகள் பேசத் தொடங்கினார்கள். "மோட்டார் எப்படிங்க கத்துது? செஞ்சு காமிங்க."

கண்ணாடி அறை நன்றாகத்தான் இருந்தது. கதவில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். அவள் கணவர் தான் வேலை செய்யும் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் சொல்லிக்கொண்டார்: "எங்கூட்டுக்காரிக்குக் கீழ பன்னெண்டு பேரு வேல செய்யறாங்க. பன்னெண்டும் அவளேதான்."

முதல் வாரமே மூன்று கோரிக்கைகளையும் எழுதிக் கோகுல்நாத்திடம் கொடுத்தாள். "கோடை முடியட்டுங்கக்கா" என்றார். இரண்டாம் வாரம் நினைவுபடுத்தினாள். மூன்றாம் வாரம், அவரே கூப்பிடுவார் என்று விட்டுவிட்டாள். நான்காம் வாரம் ஒரே நாளில் ஐயாயிரம் போன் வந்தது. மதிய இடைவேளையை இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பதினைந்து நிமிடமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று அவளே ஏழிடம் கேட்டாள். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது.

"நீங்க கேக்கறதுனால சரிங்கறோம்" என்றது ஏழு. இடையிடையே வரும் 'நாம' போய் வெறும் 'நீங்க', 'நாங்க' மட்டும் ஆகியிருந்ததை அவள் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில், சின்ன வெங்காயம் பொறுக்கும் இடத்தில், ஜோதிலட்சுமி எதிரே வந்தாள். ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தாள். பத்து மணி நேரம் நின்றபடியே வேலை. கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

"மேனேஜராயிட்டியாமா. எங்களக் கூப்புடுவாங்கன்னு பேசிக்கறாங்க. நெசமா?"

"மேல பேசிட்டு இருக்கறேன் ஜோதி. நல்ல முடிவா வரும்."

ஜோதிலட்சுமி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "இதத்தான் நம்ம பழைய மேனேஜரும் சொல்லுவாரு. நீ அவர மாதிரி செஞ்சு காட்டி எங்களச் சிரிக்க வப்பியே, ஞாபகம் இருக்குதா?" என்று வெங்காயத்தைப் பையில் கொட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மே கடைசியில் கோகுல்நாத் அவளைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. ஜெர்மனியில் ஒரு கண்காட்சி, இரண்டு வாரம் போகிறார்.

"உங்களுக்கும் ரொம்பச் சிரமந்தானுங்க. அதனால ஒரு யோசனை. நீங்க மறுபடி அஞ்சு நாளைக்குத் தொப்பி போடுங்க. மேலாளர் வசந்தாமணிய ஒரு பிரதி எடுத்துருவோம். பதிமூணாவது. மத்த பன்னெண்டையும் அது பாத்துக்கும்."

"அப்ப நானுங்க?"

"உங்களுக்கு நல்லபடியா செய்யறனுங்க. போன தடவைய விட எச்சா."

இன்னொரு சால்வை, என்று நினைத்தாள்.

கோகுல்நாத் ஒரு கடிதத்தை லாவண்யாவிடம் நீட்டினார். ஆள் எடுப்பது, நேரம் வகுப்பது, சம்பளம் தீர்மானிப்பது எல்லாவற்றிலும் பதிமூன்றாம் எண்ணுக்கு முழுக் கையெழுத்து அதிகாரம். எதற்கும் தன்னிடம் வர வேண்டாம். மனுஷி வசந்தாமணிக்கு ஒரு ஸ்டேப்ளர் பின் வாங்கக்கூட அந்த அதிகாரம் இருந்ததில்லை. பிரதி தனக்கென்று எதுவும் கேட்காது, ஆகவே அதை நம்பலாம் என்பது அவர் கணக்கு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு வேலை போகும், வேறு யாருக்காவது தொப்பியை மாட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள்.

"இயல்பா இருங்க மேடம்" என்றார் இருதயராஜ். "இந்த அஞ்சு நாள் நீங்க எடுக்கற முடிவுதான் அதோட குணமாகும்."

அன்று முழுக்க இயல்பாக இருந்தாள். மாலை ஐந்து மணிக்கு, எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்க்க இருதயராஜ் ஒரு சோதனை வைத்தார். அரைகுறைப் பிரதியிடம், ஏழாம் எண் கேட்பதுபோல், அந்த மூன்று கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

ஒலிபெருக்கியிலிருந்து வசந்தாமணி பேசினாள். "புரியுதுங்க. உங்க நியாயம் எனக்குத் தெரியாததுங்களா? நானும் அங்கிருந்து வந்தவதானே. ஆனா கம்பெனி நெலமையையும் கொஞ்சம் பாக்கோணுமில்லீங்க. பொறுமையா இருங்க."

"அருமையா வந்திருக்கு மேடம்" என்றார் இருதயராஜ்.

வசந்தாமணி பேனாவைக் கீழே வைத்தாள். அந்தக் குரல் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் அதனால் ஒரு வேலையும் நடக்காது. இதை அப்படியே விட்டால், தான் வீட்டுக்குப் போன பிறகும் வருடக்கணக்கில் இந்த ஆபீசில் தன் குரல் இப்படியே தேன் தடவிக்கொண்டிருக்கும். செத்தாலும் தொடரும்.

"இன்னிக்குப் பதிஞ்சதத் தொடச்சிருங்க."

"முடியாது மேடம். அடுத்த நாலு நாளோட அது கலந்துடும். அவ்வளவுதான்."

"அந்த நாலு நாள் எச்சா இருந்தா?"

"எது எச்சோ அது நிக்கும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தொப்பியோடு போன் கூடத்துக்குப் போய் ஏழாம் எண்ணின் முன்னால் நாற்காலி போட்டாள். "பதினஞ்சு நிமிசம்னு கேட்டது தப்பு. அரை மணி நேரம் உங்களது. இப்ப உக்காந்து ஒப்பந்தம் எழுதுவோம், வாங்க."

"தொப்பி போட்டிருக்கறதுனால இந்தப் பேச்சுங்களா?" என்றது ஏழு.

"ஆமா" என்றாள் வசந்தாமணி. பொய் சொல்லி என்ன பயன்? அவளிடமே சொல்வதுதானே.

"பரவால்லீங்க. ஆரம்பிங்க."

நாள் முழுக்கப் பேரம் நடந்தது. எட்டுப் பேரைத் திரும்ப எடுக்கக் கம்பெனிக்கு என்ன காரணம் காட்டுவது என்பதில் முட்டிக்கொண்டார்கள். பாவம் என்று எடுத்தால் அடுத்த வருடமே அனுப்பிவிடுவார்கள். மாலையில் ஏழுதான் சொன்னது, கொஞ்சம் தயங்கி. "ஏப்ரல்ல சோலார் மோட்டார் ஒண்ணு புதுசா வந்திருக்குதாமா. அதப் பத்திக் கேட்டா எங்களுக்கு ஒண்ணுந் தெரியறதில்லீங்க. எங்களுக்கு மார்ச்சோட முடிஞ்சது. ஆளுக வந்து கத்துக்கிட்டாத்தான் உண்டு."

வசந்தாமணி அதை முதல் பத்தியாக எழுதினாள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எட்டுப் பேரையும் நேரில் போய்ப் பார்த்தாள். இருதயராஜ் பதறிப்போய் ஒரு சின்னப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். டவுன் பஸ்ஸில் கவிழ்த்த சல்லடை போன்ற கம்பித் தொப்பியோடு ஏறியவளைப் பார்த்து நடத்துநர், "கல்யாணச் சமையலுங்களாக்கா?" என்றார். ஜவுளிக்கடை மேற்பார்வையாளர், வெயிலுக்குத் தலை காயாமல் இருக்கப் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து விலை கேட்டார்.

ஜோதிலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "திரும்ப வந்தா என்ன சம்பளம் வேணும்?" என்று வசந்தாமணி கேட்டதும், முதலில் தன் காலைப் பார்த்தாள், பிறகு ஒரு தொகை சொன்னாள். அது அதிகமாகவே இல்லை. வசந்தாமணி அதை எழுதிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் கூட்டிச் சொல்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒப்பந்தம் ஏழு பக்கத்தில் தயாராக இருந்தது. மனுஷிக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் கிடையாது. தொப்பியைக் கழற்றி இருதயராஜிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு கேட்டார், "மேடம், நீங்க இயல்பா இருந்தது முதல் நாளா, மத்த நாலு நாளா?"

"தெரியலீங்க. திங்கக்கிழமை பாத்துச் சொல்லுங்க."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பதிமூன்றாம் எண்ணின் விளக்கு எரிந்தது. "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றது. மேலாளர் கோப்பில் இருந்த ஒப்பந்தத்தை எடுத்தது. இரண்டே நிமிடம். கம்பெனி முத்திரையோடு கையெழுத்தாகி, எட்டுப் பெண்களின் போனுக்கும் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிற்று.

லாவண்யா பதறி ஜெர்மனிக்குப் பேசினாள். கோகுல்நாத் வக்கீலிடம் பேசினார். அவர் கொடுத்த அதிகாரக் கடிதம் பழுதில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது, கையெழுத்து செல்லும் என்று வக்கீல் பாராட்டினார். அதை ரத்து செய்தால் பன்னிரண்டும் மறுபடி போனைக் கீழே வைத்துவிடும். சோலார் மோட்டார் வாங்கிய முந்நூறு பேர் பதில் கிடைக்காமல் காத்திருப்பதையும் லாவண்யா, கேட்காமலேயே, சொல்லிவைத்தாள். அவர் அந்த எண்ணிக்கையை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் பல்லடத்துக்காரர் மோட்டார் என்னாச்சு?" என்று கேட்டார்.

"சரி பண்ணிக் கொண்டு போயாச்சு சார்."

"சரி, இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்குப் பதிமூன்று, வசந்தாமணியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டது. பாராட்டப் போகிறது என்று நினைத்துச் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

"உக்காருங்க. உங்களாலதான் இது நடந்துச்சு. ரொம்ப நன்றிங்க."

"அதெல்லாம் எதுக்குங்க."

"அப்பறம், ஒரே வேலைக்கு ரெண்டு பேரு எதுக்குங்க? மேலாளர் பதவிய எடுத்துட்டேன். உங்களுக்குப் போன்ல ஒரு சீட்டு இருக்குது. மத்த எட்டுப் பேருக்கு என்ன சம்பளமோ அதுதான் உங்களுக்கும்."

முதல் நாள் கலந்திருக்கிறது, என்று வசந்தாமணிக்குப் புரிந்தது. எவ்வளவு இனிமையாகச் சொல்கிறது! "செரி, பிரதிகளுக்கான மாசப் பங்கு? அதாவது எனக்கு வருமில்லீங்க?"

"வரும். அத ஒம்பதாப் பிரிச்சிருக்கேன்."

"ஒம்பதா? புத்தி என்னுது!"

"அப்படிங்களா?" என்றது பதிமூன்று. குரலில் கேலி இல்லை. "மோட்டாரச் சத்தம் போட்டுக் காட்டச் சொல்ற வித்தை யாரோடதுங்க? ரெண்டாயிரத்து பதினேழுல ஜோதிலட்சுமி ஒரு நாள் வெளையாட்டாச் செஞ்சா. மறுநாள் நாம அத எடுத்துக்கிட்டோம். நல்ல பேரு வந்துச்சு. அவளோடதுன்னு நாம யார்கிட்டயுஞ் சொல்லல. எத்தன அடிக்கு எந்த மோட்டார்னு கணக்குக் கேட்டு ஆளு போன்ல வந்தா பின்சீட்டு மஞ்சுளாகிட்டக் கேப்போம். கோவத்த அடக்கறது எதிர்சீட்டு ரகமத்துன்னிசாகிட்டக் கத்துக்கிட்டது, அது சரியா வரலங்கறது வேற. உங்களுக்குத் தெரியாததச் சொல்லலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான் எனக்குந் தெரியும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் வசந்தாமணி இல்லையென்று சாதித்திருப்பாள். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாத அந்த ஒன்றைத் தொப்பி எப்படியோ உருவி எடுத்துவிட்டது. கோபப்படலாம் என்று பார்த்தாள். எதிரில் இருந்தது ஒரு பச்சை விளக்கு.

"பேரு பலகைய நானே கழட்டிக்கறேன்" என்றாள்.

"வேண்டாமுங்க, இருக்கட்டும். பேரு சரியாத்தானே இருக்குது" என்றது பதிமூன்று.

மறுநாள் காலை எட்டுப் பெண்களும் வந்தார்கள். லாவண்யா வாசலில் நின்று, யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லோருக்கும் வணக்கம் வைத்தாள். கூடத்தில் ஒரே சத்தம். தன் நாற்காலியைக் காணோம் என்று மஞ்சுளா தேடினாள். ரகமத்துன்னிசா பெட்டிகள் ஒவ்வொன்றிடமும் போய், "நீ எத்தனாவது வசந்தா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி தன் பழைய இடத்தில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். ஜோதிலட்சுமி வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் பக்கம் திரும்பாமலேயே வசந்தாமணி சொன்னாள்.

"ஜோதி, அந்த மோட்டார் சத்தம்... அது நீ செஞ்சது. நான் எடுத்துக்கிட்டேன்."

"தெரியும்" என்றாள் ஜோதிலட்சுமி.

"எப்பலேருந்து?"

"மறுநாள்லேருந்து."

அவள் செருப்பைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். ஹெட்செட்டைத் துடைத்தாள். பிறகு வசந்தாமணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இனிமே நீ மேனேஜர் இல்லீல்ல?"

"இல்ல."

"அப்ப அந்த ஃபேன எம்பக்கந் திருப்பு."

வசந்தாமணி எழுந்து திருப்பினாள்.